இருபத்தொன்பது இலக்க எண்

நேமிச்சந்திர சித்தாந்த சக்கரவர்த்திகள் 10-ஆம் நூற்றாண்டில் அருளிய கோம்மடசாரத்தின் ஜீவகாண்டம், பர்யாப்த மனிதரின் தொகையை ஓர் எண்ணால் குறிக்கிறது. அஃது இது:

79228162514264337593543950336

காண்பதற்கு மலைப்பூட்டினும் இது பிறந்த வழி எளிது. 2-ன் வர்க்கம் 4, அதன் வர்க்கம் 16, பின்னர் 256, பின்னர் 65536, ஐந்தாம் வர்க்கம் 4294967296. இதன் கனமே மேற்கண்ட எண். அதாவது 2-ன் 96-ஆம் அடுக்கு. 96 முறை பாதியாக்கினால் 1 எஞ்சும். இவ்வாறு பாதியாக்கும் எண்ணிக்கைக்கு 'அர்த்தச்சேதம்' என்று பெயர். 9-ஆம் நூற்றாண்டில் வீரசேன ஆசாரியர் தவளா உரையில் இதனைக் கையாண்டுள்ளார். 2-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை என்று இன்று கற்பிப்பது இதனையே. 2-ஐத் தவிர வேறு பகா எண் எதுவும் இவ்வெண்ணை வகுக்காது. ஆதலின் இதன் வகுத்திகள் 97 மட்டுமே.

காதையில் இவ்வெண் இலக்கங்களாக இல்லை, எழுத்துக்களாக உள்ளது. த என்றால் 6, ல 3, ந 0, ம 5 எனக் கொண்டு, வலக்கோடியிலிருந்து இடமாக எழுதிச் செல்லல் வேண்டும். (ககர வர்க்கத்தின் நான்கு ஒலிகளுக்கும் ஒரே எழுத்துடைய தமிழ் வரிவடிவில் இக்கணக்கு வாராது, கிரந்தத்திலோ நாகரியிலோ பார்த்தல் வேண்டும்.)

இங்கேதான் நாம் தவறினோம். ஐந்தாம் ஆறாம் எழுத்துக்கள் 5, 9 ஆகும். இடமாக எழுதினால் 95 வர வேண்டும். நாமோ பழக்கத்தில் 59 என்று குறிப்பேட்டில் எழுதி, ஜினாலயத்தில் நடந்த கோடை விடுமுறை வகுப்பிலும் அதனையே பலகையில் எழுதிவிட்டோம். மறுநாள் ஒரு சிறுமி, "டீச்சரம்மா, ஆறு முறைதான் பாதியாகிறது, அப்புறம் ஒற்றைப்படை வந்துவிடுகிறது" என்றாள். மீண்டும் போட்டுப் பார் என்று அனுப்பினோம். மூன்று முறை போட்டாள்.

அதன் பின்னரே சோதிக்கத் தொடங்கினோம். 2-ன் ஆறாம் அடுக்காகிய 64-ஐ 9-ஆல் வகுக்க மீதி 1. 96 என்பது ஆறின் மடங்கு. ஆகவே நம் எண்ணுக்கும் மீதி 1 வருதல் வேண்டும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 127, மீதி 1. சரியாகவே இருந்தது! நமது பிடிவாதம் இன்னும் வலுத்தது. ஆனால் இரு இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது என்பது ஆசிரியப் பயிற்சியிலேயே நாம் கற்றதுதான்.

எனவே 11-ஐ எடுத்தோம். 1024-ஐ 11-ஆல் வகுக்க மீதி 1. ஆதலின் 2-ன் 96-ஆம் அடுக்கின் மீதியும் 64-ன் மீதியும் ஒன்றே, அதாவது 9. வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டிக் கழித்தால் சரியான எண்ணுக்கு 79-48=31, மீதி 9. நமது குறிப்பேட்டு எண்ணுக்கோ 83-44=39, மீதி 6.

அடுத்த வகுப்பில் அவள் கணக்கே சரி என்று அனைவர் முன்னும் கூறி, பலகையில் எண்ணை அவளையே எழுதச் செய்தோம். இப்பக்கத்தில் அச்சாகியுள்ள எண்ணையும் வாசகர்கள் 11-ஆல் சோதித்துக்கொள்க.