பேரக்குழந்தைகள் வருகிறார்களா? மொட்டை மாடியைப் பாருங்கள்!

டிசம்பர் லீவுக்கு அமெரிக்காவிலிருந்து மகன், மருமகள், பேரன், பேத்தி எல்லோரும் வருகிறார்கள். மயிலாப்பூர் வீட்டில் பாட்டிக்குக் கால் தரையில் பாவவில்லை. முறுக்கு, தட்டை என்று டப்பாக்கள் நிரம்பியாச்சு. சபா கச்சேரிக்கு டிக்கெட்டும் வாங்கியாச்சு. ரொம்ப சந்தோஷம். ஆனால், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி சரியாக இருக்கிறதா என்று யாராவது ஏறிப் பார்த்தீர்களா?

வெளிநாட்டுக்காரர் ஒருவர் நம் ஊரைச் சுற்றிப் பார்க்க வருவதென்றால் நாலு, ஆறு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து, தடுப்பூசி போட்டுக்கொண்டு, கொசு விரட்டிக் களிம்போடுதான் விமானம் ஏறுவார். நம் பிள்ளைகளோ, "எங்க ஊர்தானே, என்ன ஆகிடப் போகுது?" என்பார்கள். அமெரிக்கா, இங்கிலாந்தில் டைபாய்டு என்று படுக்கிறவர்களில் பெரும்பாலோர் இப்படிச் சொந்தபந்தங்களைப் பார்க்கப் போய்விட்டுத் திரும்பியவர்கள்தான்.

தி.நகரில் பிறந்து வளர்ந்து, பதினைந்து வருடம் வெளிநாட்டில் இருந்த ஒருவர் என்னிடம் வந்தார். பிள்ளைகளுக்கு ஊசி போட்டு அழைத்து வந்தவர், தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. "பாண்டி பஜார்ல ஐஸ் போட்ட கரும்புச்சாறு குடிச்சு வளர்ந்த உடம்பு டாக்டர் இது!" என்றார். குழந்தைகள் ஜம்மென்று இருந்தன. அவர்தான் டைபாய்டில் லீவு முழுக்கப் படுத்துக் கிடந்தார்.

ஆகவே, இன்றைக்கே மகனுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்: டைபாய்டு தடுப்பூசி, மஞ்சள்காமாலைக்கான ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி, இரண்டும் பெரியவர்களுக்கும் சேர்த்து. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பாவது போட்டிருக்க வேண்டும். மலேரியாத் தடுப்பு மாத்திரை தேவையா என்றும் அங்கேயே கேட்டுக்கொள்ளட்டும். சித்த வைத்தியன் ஊசி போடச் சொல்கிறானே என்று பார்க்காதீர்கள். வருமுன் காப்பதும் எங்கள் வைத்தியம்தான்.

இனி, வீட்டு வேலை. சாக்கடையில்தான் கொசு பிறக்கிறது என்று நினைக்கிறோம். நம் சென்னையில் மலேரியாவைப் பரப்பும் கொசுவுக்குப் பிடித்த இடம் கிணறும் மாடித் தொட்டியும். டெங்குக் கொசுவும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருக்கும் தட்டு, மணி பிளாண்ட் பாட்டில், மாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, எதையும் விடாது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். வாரம் ஒருமுறை தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும்.

இன்னொன்று. வந்த புதிதில் குழந்தைகளுக்கு ராத்திரியும் பகலும் மாறிப்போயிருக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு விளையாடும், மத்தியானம் தூங்கும். டெங்குக் கொசு கடிப்பது பகலில்! அதனால் பகல் தூக்கத்துக்கும் கொசுவலை கட்டுங்கள். நொச்சி இலைப் புகை நல்லதுதான். ஆனால் அதை நம்பி வலையை மடித்து வைத்துவிடாதீர்கள். வீசிங் இருக்கிற குழந்தையிடம் எந்தப் புகையும் வேண்டாம்.

சாப்பாட்டில் ஒரே கணக்கு: ஆவி பறந்தால் கொடுக்கலாம். இட்லி, பொங்கல், ரசம் சாதம் எல்லாம் தாராளமாக. காலையில் அரைத்துச் சாயந்திரம் வரை இருந்த தேங்காய்ச் சட்னி, நறுக்கி வைத்த பழம், வெளியில் வாங்கும் ஐஸ், பெசன்ட் நகர் கடற்கரை பானி பூரி, இதெல்லாம் வேண்டாம். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து, கொஞ்சம் சீரகம் போட்டு ஆற வையுங்கள். பல் தேய்க்கவும் அதே தண்ணீர்தான்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட். கைவசம் இல்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கூடுதலாக உப்பு போடாதீர்கள். உப்பு போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லது.

பாட்டிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். 'வந்த குழந்தைக்கு வயித்தைச் சுத்தம் பண்றேன்' என்று விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனில் குழைத்து எதுவும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கை காலைத் துவளச் செய்துவிடும்.

காய்ச்சல் வந்தால்? நிலவேம்புக் குடிநீர் நானும் கொடுக்கிறவன்தான். ஆனால் ரத்தப் பரிசோதனை முதலில், கஷாயம் பிறகு. டெங்குவா என்று தெரியும்வரை ஆஸ்பிரின், புரூஃபன் கூடாது, பாரசிட்டமால் மட்டும். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் மோசம். "ஜுரம் விட்டுடுச்சு" என்று நிம்மதியாக இருக்கும்போது வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் ஜில்லிப்பு வந்தால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி.

தெருநாய் பிறாண்டினால்கூட கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்கு ஓடுங்கள். பச்சிலை, மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீர்கள்.

ஊர் திரும்பும்போது பெட்டியில் ஊறுகாயோடு ஒரு விஷயத்தையும் சொல்லி அனுப்புங்கள். சில மலேரியாக் கிருமிகள் கல்லீரலில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்து பிறகு தலைகாட்டும். மார்ச்சிலோ, ஜூனிலோ குளிர் ஜுரம் வந்தால், அங்கே டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல், "டிசம்பரில் சென்னை போய் வந்தோம்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லட்டும்.