பாலைவனத்தில் நிழல் அமைக்கும் முறை

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது நம்மவர் வழங்கும் பழமொழி. நம் நாட்டில் வெயிலில் நடந்து களைத்தவன் சிறிது தூரம் சென்றால் ஒரு புளியமரத்தையேனும் வேப்பமரத்தையேனும் காண்பான். பாலைவனத்தில் தங்குவோன் நிலை அத்தகையதன்று. அங்கு நிழல் தானே கிடைப்பதில்லை. வேண்டுவோன் அதனைத் தன் கையாற் செய்துகொள்ளல் வேண்டும். செய்யத் தவறுவானாயின், உடலின் நீர் வியர்வையாய்க் கழிந்து உயிர்க்கே இடர் நேரும். ஆதலின், அராபியா, சீனாய், நெகெவ், சிரியா முதலிய இடங்களின் பாலைநிலங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பெதுயின் மக்கள் நிழலை எங்ஙனம் அமைத்தனர் என்பதையும், இக்காலத்து அந்நிலங்களிற் சென்று தங்குவோர் அவரிடம் கற்கத்தக்கவை யாவை என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நிழல் அமைப்போன் முதற்கண் தன் பகைகளை அறிதல் வேண்டும். அவை மூன்று. ஒன்று, மேலிருந்து வரும் ஞாயிற்றின் கதிர். நண்பகலில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் ஏறக்குறைய 1000 வாட் அளவான ஆற்றல் வீழும். இரண்டு, கீழிருந்து வரும் வெப்பம். வெயிலிற் காய்ந்த மணலின் மேற்பரப்பு 60 பாகை செண்டிகிரேடுக்கு மேலும் சூடேறுவதுண்டு. மூன்று, காற்று. காற்றோ பகையும் ஆம், நட்பும் ஆம். கூடாரத்தைப் பறித்தெறிவதும் அதுவே. வியர்வையை உலர்த்தி உடலைக் குளிர்விப்பதும் அதுவே. முன்னைய இரண்டையும் விலக்கி, மூன்றாவதை அளவோடு ஏற்றுக்கொள்வதே இக்கலையின் சாரம் எனலாம்.

பெதுயின் மக்களின் கூடாரத்தை அராபி மொழியில் 'பைத் அஷ்-ஷஅர்' என்பர். 'மயிர் வீடு' என்பது அதன் பொருள். கரிய வெள்ளாட்டு மயிரைப் பெண்டிர் தக்கிளியில் நூற்று, தரையில் முளையடித்துக் கிடத்திய தறியில் நீண்ட கீற்றுகளாக நெய்வர். கீற்றுகள் பலவற்றைப் பக்கம் பக்கமாகத் தைத்து இணைத்தால் அதுவே கூரையாம். யாத்திராகமத்தில், ஆசரிப்புக் கூடாரத்தின்மேல் விரித்த ஆட்டுமயிர்த் திரைகள் 11 என்றும், ஒவ்வொன்றும் 30 முழ நீளமும் 4 முழ அகலமும் உடையது என்றும் கூறப்படுதலால், இம்முறையின் பழமை விளங்கும். தேய்ந்த கீற்றை மட்டும் பிரித்தெடுத்துப் புதியதைத் தைத்துவிடலாம். ஆதலின் கூடாரம் முழுவதும் ஒருங்கே பழையதாதல் இல்லை. அதனை நெய்வதும், அடிப்பதும், பிரிப்பதும் பெரும்பாலும் பெண்டிர் தொழிலே. பாலையில் ஒரு குடும்பத்தைக் காக்கும் வீட்டைக் கட்டியவர் அக்குடும்பத்துத் தாயரே என்பதை நாம் மறத்தலாகாது.

கருநிறம் வெயிலை மிகுதியும் ஏற்குமே, வெண்ணிறமன்றோ தக்கது என ஒருவர் வினவலாம். கருந்துணி சூடேறுதல் உண்மையே. ஆயினும் அதன் நெசவு நெருக்கமற்றது. கூரையருகே சூடேறிய காற்று இழைகளின் இடைவெளி வழியே மேலெழுந்து வெளியேற, பக்கங்களிலிருந்து வேறு காற்று உட்புகும். நூல் பருமனாதலின் நிழலும் அடர்த்தியாக வீழும். மழை பெய்யின், இழைகள் நனைந்து பருத்து அவ்விடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். பெதுயின் மக்கள் அணியும் கரிய அங்கியைப் பற்றி நெகெவ் பாலையில் ஆராய்ந்தோர் 1980-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளியிட்ட முடிவும் ஈண்டு நோக்கத்தக்கது. அங்கி கரியதாயினும் வெண்மையாயினும் உடலைச் சேரும் வெப்பம் ஒன்றே. கருந்துணி கூடுதலாக ஏற்ற வெப்பம் தோலை அடையுமுன்னரே நீங்கிவிடுகிறது என்பது அம்முடிவு. நிறத்தினும் காற்றோட்டமே சிறந்தது என்பது இதனாற் பெறப்படும்.

நிற்க. இக்காலத்தில் பாலைவனத்திற் சில நாள் தங்கச் செல்வோர் கித்தான் துணியும் கம்பமும் கயிறும் கொண்டே நிழல் அமைப்பர். அவர் கைக்கொள்ளவேண்டியவற்றை முறையே கூறுவாம்.

முதலாவது இடம். வறண்ட ஆற்றுப்படுகை காற்றொதுக்காய் இனிது தோன்றும். ஆயினும் தொலைவிற் பெய்த மழையால் அங்குத் திடீரென வெள்ளம் பாய்ந்து வருதலுண்டு. அதனினும் உயர்ந்த சமநிலமே தக்கது. மணல் சூடேறுமுன், விடியற்காலையிலேயே நிழலை அமைத்துவிடல் நன்று. சுட்ட மணலின்மேற் பின்னர் நிழலிட்டால் அது ஆறுவதற்கு நெடுநேரம் ஆகும்.

இரண்டாவது கூரை. ஒற்றைத் துணி தானே சூடேறித் தலைக்குமேல் அடுப்பாய் நிற்கும். இரண்டு துணிகளை ஒரு சாண் இடைவெளி விட்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டின், மேற்றுணி வெயிலைத் தாங்கும்; இடையே ஓடும் காற்று அவ்வெப்பத்தை அகற்றும்; கீழ்த்துணி அத்துணைச் சூடாகாது. காலையும் மாலையும் கதிர் சாய்ந்து வருமாதலின், கிழக்கிலும் மேற்கிலும் திரை தொங்கவிடல் வேண்டும்.

மூன்றாவது கட்டு. பலர் பிழைபடும் இடம் இதுவே. வீட்டுத் தோட்டத்தில் உறுதியாய் நின்ற முளை மணலில் ஓர் இழுப்பிற் பெயர்ந்துவிடும். ஆதலின் மணல் நிறைத்த பையையோ மரத்துண்டையோ நடுவிற் கயிறு கட்டி, ஒன்றரை முழ ஆழத்திற் புதைத்து, மணலை மிதித்து இறுக்குதல் வேண்டும். கயிறு நீண்டு தாழ்ந்த சாய்வாய்ச் செல்லவேண்டும். துணியின் ஓரத்தில் துளையிட்டுக் கட்டினால் கிழியும்; உருண்டைக் கூழாங்கல் ஒன்றைத் துணியினுள் வைத்து, அதன் கழுத்தைச் சுற்றிக் கட்டினால் கிழியாது. கம்பம் மணலுட் புதையாதவாறு அடியிற் பலகை இடுக. துணி தளர்ந்திருப்பின் காற்றில் அடித்தடித்தே கிழியுமாதலின், விறைப்பாய் இழுத்துக் கட்டுக. கம்பம் தாங்க, துணியும் கயிறும் இழுக்க, இரண்டும் ஒத்து நிற்பதே கூடாரத்தின் வலிமை.

இவ்வெளிய உண்மையைப் பெரிய கட்டடங்களும் மேற்கொண்டுள. 1981-ஆம் ஆண்டு ஜித்தா விமான நிலையத்தில் ஹஜ் யாத்திரிகருக்கென எழுந்த முனையம் 210 கூடாரக் கூரைகளால் ஆயது. அதன் பக்கங்கள் காற்றுக்குத் திறந்துள்ளன. ஆயினும் மூலக்கலை அருகி வருகின்றது. கூடாரத் துணியும் நெய்யும் 'சது' என்னும் நெசவை, உடனே காக்கவேண்டிய ஐக்கிய அரபு அமீரக மரபாக 2011-ஆம் ஆண்டு யுனெஸ்கோ பட்டியலிற் சேர்த்தது. எழுத்தறியாத் தாயர் பலர் தறியருகே இருந்து மகளிர்க்குக் கைப்பழக்கத்தாற் கற்பித்த கல்வி அது. பாலையில் ஓர் இரவேனும் தங்கச் செல்வோன், தன் கித்தானை விரிக்குமுன் அவர்களை நன்றியோடு நினைப்பானாக.