பச்சை நீரின் பாடம்

நுழையும்முன்
நீரின் நிறம் பச்சையாவதைக் கண்டும் காணாமல் கடந்து செல்கிறோம். அப்பச்சையுள் நன்மையும் உண்டு, நஞ்சும் உண்டு. இரண்டையும் பிரித்தறியும் வழியை விளக்குகிறது இவ்வுரைநடை.

சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலையில் அமைந்துள்ளது ஏற்காடு. ஏரியும் காடும் சேர்ந்தமையால் இப்பெயர் பெற்றது என்பர். மழைக்காலத்தில் இத்தகைய மலைகளின் ஈரப்பாறைகளிலும் ஏரிக்கரைக் கற்களிலும் வழுக்கும் படலத்தைக் காணலாம். அங்கு வாழும் உயிர்களுள் தொன்மையானவை நீலப்பசும்பாசிகள். பாசி எனப்படினும் இவை பாக்டீரியா வகையைச் சார்ந்தவை. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு புவியின் காற்றில் உயிர்வளி பெருகத் தொடங்கியது இவற்றால்தான். நாஸ்டாக், அனபீனா போன்றவை காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்தி நெல்வயலுக்கு வளமூட்டுகின்றன.

நஞ்சாகும் பசுமை

கழிவுநீரும் உரமும் கலந்து தேங்கிய நீரில், வெப்பம் மிகும்போது, இவற்றுள் சில அளவின்றிப் பெருகுகின்றன. மைக்ரோசிஸ்டிஸ் என்னும் பாசி தன் செல்களிலுள்ள வளிக்குமிழ்களால் மிதந்து நீர்ப்பரப்பை மூடுகிறது. அது உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் என்னும் நஞ்சு கல்லீரலைத் தாக்கும். கொதிக்க வைத்தாலும் அழியாது. மயில்துத்தம் இட்டுப் பாசியைக் கொன்றாலோ, சிதைந்த செல்களிலிருந்து நஞ்சு வெளியேறி நீரில் கலந்துவிடும். 1996ஆம் ஆண்டு பிரேசில் நாட்டின் கருவாரு நகரில், இந்நஞ்சு கலந்த நீரைக் கொண்டு குருதித் தூய்மைச் சிகிச்சை அளிக்கப்பட்டதால் சிறுநீரக நோயாளிகள் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

திரட்டலும் ஆய்வும்

எல்லாப் பச்சையும் நஞ்சன்று. ஒரே இனத்திலேயே நஞ்சுடைய வகையும் நஞ்சற்ற வகையும் உண்டு. நுண்ணோக்கியில் அவை ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே, பிறநாட்டுப் பாசிகளைப் பற்றிய அறிவு மட்டும் போதாது. நம் ஏரியின் பாசியையே திரட்டி ஆராய்தல் வேண்டும்.

ஆய்வாளர் நுண்வலையால் பாசியைச் சேகரித்து, இடம், நாள், நீரின் வெப்பநிலை ஆகியவற்றைக் குறிக்கின்றனர். பின்னர் ஒரே ஓர் இழையையோ செல்லையோ பிரித்தெடுத்து ஊட்டக்கரைசலில் தனித்து வளர்க்கின்றனர். அவ்வாறு வளர்ந்த பாசி நஞ்சை உண்டாக்குகிறதா, எந்நிலையில் விரைந்து பெருகுகிறது என்பவற்றை ஆய்ந்தறிகின்றனர்.

இத்துறையில் தமிழகத்திற்கு நெடிய மரபு உண்டு. பாசியியல் அறிஞர் எம்.ஓ.பி. ஐயங்காரின் மாணவரான டி.வி. தேசிகாச்சாரி 1959இல் வெளியிட்ட 'சயனோஃபைட்டா' என்னும் நூல், நீலப்பசும்பாசிகளை இனங்காண்போர்க்கு வழிகாட்டியாய் விளங்குகிறது.

ஏரி பச்சையானபின் மருந்து தேடுவதினும், அது தெளிந்திருக்கும்போதே அதன் பாசிகளை அறிந்து வைத்தல் நன்று. நீரைக் காக்கும் முதற்பணி, நீரில் வாழ்வனவற்றை அறிதலே.

கற்பவை கற்றபின்
உங்கள் ஊர் நீர்நிலையைத் திங்கள்தோறும் கரையிலிருந்தே, நீரைத் தொடாமல் உற்றுநோக்குக. அதன் நிறமாற்றத்தையும் அதில் கலப்பனவற்றையும் குறித்து, வகுப்பில் கலந்துரையாடுக.