விலைப்பட்டியல் மடல் ஸ்பேமுக்குப் போகாமல் இருக்க

பண்ருட்டி முந்திரி, சிதம்பரம் பக்கத்துத் தூயமல்லி அரிசின்னு நேரடியா விற்கிற நம்மாளுங்க சிலர் மின்னஞ்சலில் விலைப்பட்டியல் அனுப்புறாங்க. போன பொங்கலுக்கு நாங்களும் அனுப்பினோம். ஆர்டரே வரலை. விசாரிச்சா, பாதிப்பேருக்கு ஸ்பேம் பெட்டியில கிடந்திருக்கு!

அனுப்புநர் இடத்துல யார் பேரையும் யாரும் போடலாம். அதனால 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் சான்று கேட்கின்றன. ஜிமெயில்காரர்களுக்கு நாளொன்றுக்கு 5000 மடலைத் தாண்டினால் மூன்று சான்றும் கட்டாயம். நமக்கு அவ்வளவு போகாது. இருந்தாலும் மூன்றையும் வைத்துவிடுங்கள்.

சொந்த டொமைன் வேணும். அதை வாங்கிய இடத்திலேயே டி.என்.எஸ். பக்கம் இருக்கும். அங்கே சேர்க்க வேண்டிய வரிகளை மடல் அனுப்பும் சேவையே கொடுக்கும்.

எஸ்.பி.எஃப். என்பது நம் பேரில் அனுப்ப உரிமையுள்ள சர்வர்களின் பட்டியல். நாங்க சறுக்கினது இங்கேதான். பழைய வரி இருக்க, புதுசா இன்னொண்ணு சேர்த்துட்டோம். ரெண்டு இருந்தா சோதனையே தோற்றுவிடும். ரெண்டையும் ஒரே வரியாக்கணும்.

டி.கே.ஐ.எம்., மூட்டைக்கு வைக்கிற சீல் மாதிரி. வழியில பிரிச்சா தெரிஞ்சிடும். டி.மார்க், சான்று பொருந்தாத மடலை என்ன செய்யணும்னு சொல்வது. எடுத்ததும் 'ரிஜெக்ட்' போடாதீங்க, நம்ம மடலே திரும்பிடும். 'நன்' என்று வைத்து, சில வாரம் அறிக்கைகளைப் பார்த்தபின் இறுக்குங்கள்.

கடைசியா உங்க ஜிமெயிலுக்கே ஒண்ணு அனுப்பி, கணினியில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்துங்க. மூன்றுக்கும் 'பாஸ்' வரணும்.