ஒரே மாத்திரை, இரண்டு பிள்ளைகள்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, எடை 25 கிலோ. ஏ.டி.ஹெச்.டி. (கவனக்குறைவும் மிகையான துறுதுறுப்பும் சேர்ந்த நிலை) என்று சொல்லி அடோமாக்ஸெடின் கொடுத்தார்கள். 10 மில்லிகிராமில் ஆரம்பித்து, அடுத்த வாரம் 25 ஆக்கினார்கள். அதிலிருந்து சோற்றைத் தொடுவதில்லை. வகுப்பில் தூங்கி விழுகிறான். நெஞ்சு படபடக்கிறது என்கிறான். என் நாத்தனார் மகனும் அதே மருந்து, அதே அளவுதான். அவன் நன்றாக இருக்கிறான். "எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்கிறதே, இது உன் வழியில் வந்த கோளாறு" என்கிறார் மாமியார். மருந்தை நிறுத்திவிடட்டுமா?

— ர. மீ., கும்பகோணம்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. நீங்கள் எழுதியிருப்பவை இந்த மருந்தில் நாங்கள் அடிக்கடி பார்க்கும் பக்க விளைவுகள்தான். பெரும்பாலும் அளவை மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் படபடப்பை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. இதைப் படித்ததும் மருந்து எழுதித் தந்த டாக்டரிடம் சொல்லி, நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரே மாத்திரை இரண்டு பிள்ளைகளுக்கு ஏன் இரண்டு விதமாக இருக்கிறது? அடோமாக்ஸெடினைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரலில் உள்ள ஒரு நொதி (உடலின் வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் புரதம்). சிப்-2டி6 என்பது அதன் பெயர். அதை உருவாக்கும் மரபணு 22-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. இந்த நொதி நன்றாக வேலை செய்பவர்களுக்கு, ரத்தத்தில் உள்ள மருந்து சுமார் 5 மணி நேரத்தில் பாதியாகிவிடும். நொதியே வேலை செய்யாதவர்களுக்கு அதே பாதியாக 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல் ரகப் பிள்ளைக்கு மறுநாள் காலை பழைய மருந்து ஏறக்குறைய தீர்ந்திருக்கும். இரண்டாவது ரகப் பிள்ளைக்கோ ஏறக்குறைய பாதி மிச்சமிருக்கும்போதே அடுத்த மாத்திரை உள்ளே போகிறது. இப்படிச் சேர்ந்து சேர்ந்து, அதே 25 மில்லிகிராமுக்கு உடலில் தங்கும் மொத்த மருந்து 10 மடங்கு வரைகூடப் போகலாம். பசி போவதும் துடிப்பு கூடுவதும் அதனால்தான்.

ஐரோப்பிய வம்சாவளியினரில் 100 பேரில் சுமார் 7 பேர் இப்படி மெதுவாகச் சிதைப்பவர்கள். நம் நாட்டில் அதைவிடக் குறைவு. உங்கள் மகன் அந்த ரகம்தான் என்று கடிதத்தைப் படித்து நான் சொல்ல முடியாது. நொதி சரியாக உள்ள பிள்ளைகளுக்கும் முதல் சில வாரங்களில் தூக்கமும் பசியின்மையும் வருவதுண்டு. மன அழுத்தத்துக்குத் தரும் ஃப்ளூவாக்ஸெடின், பாராக்ஸெடின் போன்ற மருந்துகள் இதே நொதியை முடக்கும். வேறு மருந்து எது கொடுத்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி, உங்களை வாட்டும் அந்தப் பேச்சுக்கு வருகிறேன். ஒவ்வொரு மரபணுவிலும் நமக்கு இரண்டு பிரதிகள். ஒன்று அம்மா கொடுத்தது, இன்னொன்று அப்பா கொடுத்தது. சிப்-2டி6 அடியோடு வேலை செய்யாமல் போக வேண்டுமானால் இரண்டு பிரதியுமே பழுதாக இருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு அப்படித்தான் என்றால், ஒன்று உங்களிடமிருந்து வந்தது, மற்றொன்று உங்கள் கணவரிடமிருந்து வந்தது. ஒரு பழுதான பிரதி வைத்திருப்பவருக்கு வெளியே எதுவும் தெரியாது. உங்கள் நாத்தனாரிடமும் அது இருக்கலாம். அவர் மகனுக்கு நல்ல பிரதி கிடைத்திருக்கலாம். தாய் வழியில் மட்டும் வருவது அல்ல இது. இதைக் கோளாறு என்பதே தவறு. இந்த நொதி சிதைக்கும் மாத்திரை எதையும் சாப்பிடாவிட்டால் வாழ்நாள் முழுக்க யாருக்கும் தெரியாமலே இருந்திருக்கும்.

நிறுத்துவதைப் பற்றிக் கேட்டீர்கள். அடோமாக்ஸெடினைச் சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்தில்லை. படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து அல்ல. ஆனாலும் நீங்களாக முடிவெடுக்காமல், பழைய 10 மில்லிகிராமுக்குத் திரும்பலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மெதுவாகச் சிதைக்கும் பிள்ளைகளுக்கு ஆரம்ப அளவிலேயே 4 வாரம் பொறுத்துப் பார்த்து, குணம் தெரியாவிட்டால் மட்டுமே கூட்ட வேண்டும் என்பதுதான் முறை. நல்ல செய்தி ஒன்றும் உண்டு: இவர்களுக்கு மருந்து நன்றாகவே வேலை செய்கிறது, குறைந்த அளவு போதும். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். பகல் தூக்கம் தொடர்ந்தால் இரவில் தரலாமா என்றும் கேளுங்கள். மயக்கம், நெஞ்சுவலி, கண் மஞ்சளாவது, அடர்நிறச் சிறுநீர், தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் பேச்சு — இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மரபணுப் பரிசோதனை? இந்த ஒரு மருந்துக்கு அது பயன்படும். குறைந்த அளவிலும் தொல்லை தொடர்ந்தால், டாக்டர் சொன்னால் செய்யலாம். மெத்தில்ஃபெனிடேட்டுக்கு மாற்றினால் கதையே வேறு. அதைச் சிதைப்பது இன்னொரு நொதி. சாதாரண மாத்திரையில் 2, 3 மணி நேரத்தில் பாதியாகிவிடும். எந்தப் பிள்ளைக்கு அது கேட்கும் என்று மரபணுவைப் பார்த்துச் சொல்லும் அளவுக்கு ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. "உங்கள் பிள்ளைக்கேற்ற மருந்து எது" என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பரிசோதனை விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மாத்திரை கொடுத்த நேரம், டிபன் பாக்ஸில் மிச்சம், தூங்கிய நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் 2 வாரம் எழுதி, டாக்டரிடம் கொண்டுபோங்கள். போகும்போது உங்கள் கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். இரண்டு பிரதி விஷயத்தை அவரும் டாக்டர் வாயால் கேட்கட்டும்.