வோல்டனுக்கு எவ்வளவு தூரம்?

தோரோவின் 'வோல்டன்' நூலைப் பற்றி முதலில் கேள்விப்பட்டபோது, மனித நடமாட்டமே இல்லாத காட்டில் அவர் தனித்து வாழ்ந்தார் என்றே எண்ணினேன். எழுத அத்தகைய தனிமை வேண்டும், எங்கள் வீட்டுச் சந்தடியில் அது கிடைக்காது என்று எனக்கு நானே சாக்கும் சொல்லிக்கொண்டேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஜோன் மியூரின் ஒரு பயணம்.

1838 இல் ஸ்கொட்லாந்தில் பிறந்த மியூர், அமெரிக்காவின் மலைகளையும் காடுகளையும் எழுதியவர். கலிபோர்னியாவின் யோசெமிட்டி 1890 இல் தேசியப் பூங்காவானதில் அவரது எழுத்துக்குப் பெரும் பங்குண்டு. எமர்சன், தோரோ ஆகியோரின் நூல்களை அவர் விரும்பி வாசித்தார்.

1871 இல் எமர்சனே யோசெமிட்டிக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 67. இராட்சத மரங்களின் கீழ் ஓர் இரவைத் தம்முடன் கழிக்குமாறு மியூர் அழைத்தார். இரவுக் குளிர் ஆகாது என்று உடன் வந்தோர் தடுத்துவிட்டனர். மியூர் மட்டும் தீ மூட்டி, அம்மரங்களிடையே தனியே தங்கினார். அதன்பின் இருவரும் சந்திக்கவேயில்லை.

1893 இல் மியூர், எமர்சனும் தோரோவும் வாழ்ந்த கொன்கோர்ட் ஊருக்குச் சென்றார். இருவரும் காலமாகியிருந்தனர். அவர்களின் கல்லறைகளில் மலர் வைத்தார். எமர்சனின் மகனைச் சந்தித்தார். வோல்டன் குளத்துக்கும் நடந்தே போனார். 1845 இல் எமர்சனின் காணியில் தோரோ 28 டொலர் 12½ சதம் செலவில் கட்டிய குடில் அங்கு இல்லை. ஆனால் தூரம் மாறவில்லையே! ஊரிலிருந்து இரண்டு மைலுக்குள்தான். இவ்வளவு அருகில் வாழ்ந்தவரை ஏன் துறவி என்கிறார்கள் என்று மியூர் மனைவிக்கு வியந்து எழுதினார்.

இதை அறிந்தபின் நூலை மீண்டும் புரட்டினேன். குடிலில் மூன்று கதிரைகள் இருந்தன. வந்துபோனவர்களைப் பற்றி ஓர் அத்தியாயமே இருக்கிறது. குளத்தருகே புகையிரதமும் ஓடுகிறது. எல்லாம் நூலிலேயே இருந்தவை, நான்தான் கவனிக்கவில்லை.

எழுத்தாளர் வாழ்ந்த இடத்தைப் பார்ப்பது அவரது நூலுக்கு ஓர் உரை வாசிப்பது போன்றது. போக முடியாவிட்டால் வரைபடத்திலாவது தூரத்தை அளந்து பாருங்கள்.

தோழியரே, தோரோ ஊரை விட்டு ஓடவில்லை. ஊருக்கு அருகிலேயே தமக்கென ஓரிடம் தேடிக்கொண்டார். நமக்குக் கொல்லைப்புற மாமரத்தடி போதும். பெற்றோரே, உங்கள் மகள் அங்கே சும்மா அமர்ந்திருப்பதாகத் தோன்றினால், அரைமணி நேரம் அவளைக் கூப்பிடாதிருங்கள்.