அச்சுவேலிக் கோவிலடியில் பெட்டி வைக்க விரும்பும் இளைஞருக்கு



அச்சுவேலிக் கத்தோலிக்கக் கோவிலடியில் ஜியோகாஷிங் பெட்டியொன்றை வைத்து, எத்திசையிலிருந்து வருபவரும் செய்மதி காட்டும் வழியே அதனைத் தேடிவந்து நம் ஊரின் பூர்வத்தை அறிந்து செல்லும்படி செய்யவேண்டுமென்ற உமது அபிலாஷையை மனமார ஆதரிக்கிறேன். 2000ஆம் ஆண்டு மே 2ஆந் திகதி அமெரிக்க அரசு ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை நீக்கியதும், மறுநாளே ஒரிகன் மாநிலத்துக் காட்டோரத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியைப் பாதி புதைத்து வைத்ததில் இக்கலை பிறந்தது. மண்ணைத் தோண்டலாகாது என்ற விதி பின்னர் வந்தது. பழைய கோவில் வளவில் அவ்விதியைச் சாஸ்திரமாகக் கொள்ளும். சுவரின் வெடிப்பிலோ, சவக்காலைக் கல்லறைகளிலோ எதனையும் செருகவும் வேண்டாம்.

இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. 1995 ஒக்தோபர் முடிவில் போரினால் நம் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்ததை நேரிற் கண்டவர்கள் இன்னும் நம் ஒழுங்கைகளில் வாழ்கிறார்கள். மதிலின் பின்னே மூடிய பெட்டியொன்று கேட்பாரற்றுக் கிடக்கக் கண்டால், அதனை விளையாட்டுப் பொருளென அவர்கள் எண்ணார். அவர்களுடைய நெஞ்சம் நடுங்கும். ஆகையால், தேடி வருபவருக்கு மட்டுமே அது மறைபொருளாக இருக்கட்டும். சுவாமியாருக்கும், கோவிற் பணிவிடைக்காரரான சங்கிலித்தாமுக்கும், கிராம சேவகருக்கும், அயல்வீட்டாருக்கும் பெட்டி இருக்குமிடம் தெரிந்திருக்கவேண்டும். உள்ளிருப்பது வெளியே தெரியும் பாத்திரத்தைத் தெரிந்தெடுத்து, இன்னதென்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அதன்மேல் எழுதும். பற்றைக் காணிகளுக்குள் எவரையும் இழுத்துச் செல்லும் குறிப்பை எழுதவே கூடாது. கண்ணிவெடிகளின் காலத்தை அறியாத அந்நியர் குறிப்பை நம்பியே கால்வைப்பார்கள்.

பெட்டியைக் கோவிலிலேயே வைக்கவேண்டுமென்பதுமில்லை. கோவிலைப் பார்த்துப் படித்தால் மட்டுமே அடுத்த இடத்தின் அகலாங்கு, நெட்டாங்கு இலக்கங்கள் கிடைக்கும்படி புதிரை அமைத்து, இறுதிப் பெட்டியை இசைவு தந்த ஒருவரின் கடையிலோ படலையடியிலோ வைக்கலாம். எனக்கு இம்முறையே உத்தமமாகத் தோன்றுகிறது. புதிருக்கு வேண்டிய திரவியம் நம் சரித்திரத்தில் நிறைய உண்டு. பறங்கியர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய 1619, ஒல்லாந்தர் அதனைப் பறித்த 1658, அச்சுவேலியையும் யாழ்ப்பாணத்துக் கோவிற்பற்றுகளுள் ஒன்றாக வருணித்த பிலிப்பஸ் பால்தேயுஸ் பாதிரியாரின் நூல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த 1672 ஆகியவை இலக்கங்களாகவே நமக்கு உதவும். சுவாமி ஞானப்பிரகாசரின் 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' 1928இல் அச்சுவேலி ஞானப்பிரகாச யந்திரசாலையிற் பதிப்பிக்கப்பட்டது என்பதை நம்மூர்ப் பிள்ளைகளே மறந்திருக்க, தொலைதேசத்து யாத்திரிகர் ஒருவர் அந்த ஆண்டைத் தேடிக் கண்டுபிடித்து இலக்கமாகப் பிரயோகிப்பாராயின், அதைவிட நமக்கு என்ன வேண்டும்?

பெட்டி இருக்குமிடத்தின் இலக்கங்களை ஒரே நாளில் ஒரே முறை அளந்து திருப்தியடையாதீர். மரச்செறிவின் கீழே செய்மதிச் சமிக்ஞை தடுமாறும் என்பதால் வெவ்வேறு வேளைகளில் அளந்து சராசரி எடும். பூசை வேளையிலும் திருநாட்களிலும் வரவேண்டாமென்று குறிப்பிலேயே பிரார்த்தித்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மாரியில், கண்டுபிடித்தவர்கள் பெயரெழுதப் பெட்டிக்குள் வைக்கும் குறிப்புப் புத்தகம் நனைந்துபோகும். நீர் வெளிநாட்டில் வாழ்பவராதலால், அதனைக் கவனிக்க ஊரிலேயே ஒருவரைப் பொறுப்பாக்காமல் பெட்டியை வைக்கவே வேண்டாம்.

முதலில் சுவாமியாரிடம் சென்று அனுமதி கேளும். அது கிடைத்ததும் எனக்கு எழுதும். குறிப்பின் தமிழ் வாசகத்தை நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.